மாப்பிள்ளைக் கூண்டு

வெல்டிங் பகுதியில் ரோபோவுக்கு மாப்பிள்ளை என்று பெயர். அதற்கு மட்டும் தனி மின்விசிறி, அழுக்குப் படாமல் உறை, சுற்றிலும் கம்பிவலைக் கூண்டு. அது முரண்டு பிடித்து நின்றால் அதிகாரிகள் அலறியடித்து ஓடி வருவார்கள். மனுஷன் மயங்கி விழுந்தால் தண்ணீர் தெளிக்க நாதியில்லை.

கூண்டுக் கதவோடு ஒரு இரும்புச் சாவி பொருத்தியிருந்தது. கதவைத் திறந்தால் தூணிலிருக்கும் துளையை விட்டுச் சாவி கழன்றுவிடும். மாப்பிள்ளை அப்படியே உறைந்து நிற்கும். மறுபடி ஓடவைக்க இரண்டு நிமிடம். அது சூப்பர்வைசருக்குப் பொறுக்கவில்லை. சாவியைக் கதவிலிருந்து கழற்றித் துளைக்குள்ளேயே செருகிவைத்தான். அதன்பின் கதவு திறந்தே கிடந்தாலும் ரோபோ நிற்காது. கோணலாக உட்கார்ந்த தகட்டை அது திரும்புவதற்குள் ஓடிப்போய்த் தட்டிவிட்டு வரலாம். எல்லோரும் ஓடினார்கள். மாப்பிள்ளை காதில் பூ சுற்றியாச்சு என்று சிரித்தார்கள். அங்கே வெல்டராக இருந்த அவளும் சிரித்தவள்தான்.

நேற்று அவள் புருஷனும் அப்படித்தான் உள்ளே ஓடினான். வலது கையில் மூன்று விரல் போயிற்று.

இன்று விபத்து ஆய்வுக்கு அரசாங்க அதிகாரிகள் வருகிறார்கள். சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டினான்.

“அக்கா, சாட்சிக் கையெழுத்து. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி.”

படித்தாள். தடையை மீறித் தன்னிச்சையாக உள்ளே நுழைந்தாராம்.

“ஏன்யா, விருந்து சாப்பிடவா உள்ள போனாரு?”

“கோவப்படாதீங்க. அவர் வேலை எப்படியும் போயிரும். உங்களுதாவது மிஞ்சணும்ல?”

“அந்தச் சாவி?”

“எந்தச் சாவி?” என்றவன் குரலைத் தாழ்த்தினான். “உருவிக் கதவுல மாட்டிடுங்க. நான் வாசலுக்குப் போகணும், வந்துருவாங்க.”

கையை வெட்டியது போதாதென்று பேரையும் வெட்டச் சொல்கிறான், கத்தியை அவளிடமே கொடுத்து.

“சரி, நான் பாத்துக்கறேன்.”

கூண்டுக்குள் மாப்பிள்ளை ஓடாமல் நின்றது. வெல்டிங் முகமூடியை இறக்கினாள். பதினோரு வருடம் பழகிய கை. சாவியையும் துளையின் இரும்பு விளிம்பையும் சேர்த்துப் பற்றவைத்தாள்: முதலில் இரண்டு பொட்டு, பிறகு சுற்றிலும் முழுக் கோடு. பொறி பறந்தது.

அதிகாரிகளை அழைத்துக்கொண்டு வந்த சூப்பர்வைசர் பார்த்துவிட்டான். முன்னால் பாய்ந்து வந்து சாவியைப் பிடித்து இழுத்தான். சூட்டில் அலறிக் கையை உதறினான்.

அவள் முகமூடியைத் தூக்கினாள்.

“விட்டுட்டியே? இன்னும் நல்லா இழு. உனக்குத்தான் அஞ்சு விரலும் இருக்கே.”