யாரும் குனியாத இடம்

மலாக்காவில் எனக்குத் தெரியாத சந்து பொந்து கிடையாது என்று ஒரு ஜப்பான்காரனிடம் போய்ச் சொன்னேன் பாருங்கள், அந்த வாயை அப்போதே தைத்திருக்க வேண்டும்.

1943. காஜா பேராங்கில் வீடு, பண்டார் ஹிலிரில் வேலை. சண்டைக்கு முன்னால் கப்பலில் வரும் வெள்ளைக்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். யானை மேல் ஏற்றாத குறையாக இருநூறு பேரை அழைத்துப் போயிருக்கிறேன். இரண்டே இரண்டு கிழவிகள், அதுவும் பாதியில் மழை பிடித்துக்கொண்டது என்பாள் என் மனைவி சிவகாமசுந்தரி. அவள் கணக்கு எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

ஜப்பான்காரன் வந்தபின் ஊர் பார்க்க எவன் வருவான்? அவன் ஆபீசிலேயே குமாஸ்தா ஆனேன். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்து அனுப்பினார்களே, அந்தப் பட்டியலைச் சுத்தமாக எழுதித் தருவது என் வேலை. ஒரு திங்கட்கிழமை, மேலிடத்துத் தாளைப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தேன். நாற்பது முடிந்தது. நாற்பத்தொன்று: ராஜரத்தினம், காஜா பேராங். முத்து முத்தான என் கையெழுத்தில் என் பெயர். போனவன் எவனும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

பட்டியலை வாங்க வந்தவர் மோரிதா. ஒல்லி, கண்ணாடி, லெப்டினன்ட். என் முகத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், அரைகுறை மலாயில் தன் குறையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அந்தக் காலத்தில் ஜப்பான்காரனைக் கண்டால் இடுப்பை மடித்துக் குனிய வேண்டும், இல்லாவிட்டால் பளார். மற்ற அதிகாரிகளுக்கு அது சுகம். இந்த மனிதருக்கோ மரியாதை வியாதி. எவன் குனிந்தாலும் பதிலுக்குத் தலையை ஆட்டியே தீருவார். ஆட்டி ஆட்டிக் கழுத்து போய்விட்டதாம். கக்கூசுக்குப் போனாலும் வாசலில் காவல்காரன் குனிகிறானாம்.

"ஒரு மணி நேரம். எவனும் என்னைப் பார்த்துக் குனியாத இடம். தெரியுமா?"

"ஒன்றா துவான், ஐம்பது இடம் தெரியும்!"

"ஞாயிற்றுக்கிழமை காட்டு. பிடித்திருந்தால் நாற்பத்தொன்றை அடிக்கிறேன். இல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை லாரி."

அன்று மாலையே சைக்கிளை எடுத்தேன். டயருக்குள் காற்றுக்குப் பதில் தேங்காய்நார்க் கயிறு. கிளேபாங் போய்ச் சேர்வதற்குள் என் முதுகெலும்பு மூன்று அங்குலம் குறைந்தது.

ஈ காக்கை வராத கடற்கரை என்று அதற்குப் பெயர். தென்னை மரங்களைத் தாண்டினால், நாலாயிரம் பேர்! சரி, நாற்பது. தகர டின்களில் கடல்தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள், திருட்டுத்தனமாக. என் காக்கிக் கால்சட்டையைக் கண்டதும் அத்தனை பேரும் எழுந்து மடாரென்று குனிந்தார்கள்.

முதலில் தலை தூக்கியவள் மீன் விற்கும் அஞ்சலை. "அட, நம்ம ராஜரத்தினம்! ஏண்டா பாவி, உனக்கா குனிஞ்சேன்? இடுப்பு புடிச்சிக்கிச்சு, வந்து நிமித்தி விடு!"

"இங்கே ஆளே வராதுன்னு சொன்னாங்களே அக்கா."

"அதனாலதான்லா எல்லாரும் வந்தோம்!"

மறுநாள் குருபோங். ரப்பர் காட்டுக்குள் தோட்டத்துத் துரை விட்டுப்போன, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் பழைய கொட்டகை. கதவைத் தள்ளினேன். சயாமுக்குப் பயந்து ஒளிந்த முப்பது ஆண்கள் மத்தி மீன் மாதிரி அடுக்கிக் கிடந்தார்கள். நடுவில், கொழுகொழுவென்று, என் மச்சினன் தேவதாஸ். மூன்று மாதத்துக்கு முன் சிங்கப்பூரில் வேலை என்று அவன் சொல்ல, நான் கண்ணீர் விட்டு வழியனுப்பிய அதே தேவதாஸ்.

"வாங்க மச்சான்! ஒளிய வந்தீங்களா? இடமில்லே, வெளியில வரிசையில நில்லுங்க."

"நீ சிங்கப்பூர்ல இல்லே?"

"இதான் சிங்கப்பூர்."

விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "அந்த ஆளை இங்கே கூட்டிட்டு வந்தீங்கன்னா முப்பது பேரும் லாரிதான் மச்சான்." பிறகு வெளியே எட்டிப் பார்த்து, "நீங்க போறது உறுதின்னா மட்டும் அந்த சைக்கிளை எனக்கு விட்டுட்டுப் போங்க" என்றான்.

புதன், வியாழன், வெள்ளி, சனி. சுடுகாட்டில் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார்கள். சதுப்பு நிலத்தில் அரிசி மூட்டையோடு ஒரு குடும்பம். ஒரு குகையில் ஜனம் நெருக்கியதில் வௌவால்கள் வெளியே வந்து தொங்கின. சத்தியம்! ஆள் இல்லாத இடம் என்று நான் எதையெல்லாம் நினைத்தேனோ, ஊர் முழுக்க அதையே நினைத்திருக்கிறது. எனக்கு வந்த எரிச்சலில் அந்த சைக்கிளைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பேன், தூக்க முடிந்திருந்தால்.

"குருபோங் பக்கம் மட்டும் போனீங்க, சயாம் வரைக்கும் வேண்டாம், நானே உங்களை மேலே அனுப்பிடுவேன்" என்றாள் சிவகாமசுந்தரி. தம்பி ஒளிந்திருப்பது அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். கிழங்கு அவித்து அனுப்பியதே அவள்தான். திட்டி முடித்துவிட்டு, என்னிடமிருந்த ஒரே நல்ல சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

ஞாயிறு காலை நான் முன்னால், மோரிதா பின்னால், இரண்டு சைக்கிள். எங்கே போகிறோம் என்று கடவுளுக்கே தெரியாது.

"கடற்கரையா?"

"உப்புக்காற்று துவான். மூக்கு அடைத்துக்கொள்ளும்."

"ரப்பர் காடு?"

"புலி!"

"எத்தனை?"

"பதினாறு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நம்பவில்லை என்று அர்த்தம். என் சட்டை நனைந்துவிட்டது. போக இடம் தெரியாமல் பழக்க தோஷத்தில் ஆபீஸ் இருக்கும் தெருவுக்கே வந்துவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன். எங்களுக்கு முன்னால் சன்னல்கள் சாத்திக்கொண்டே போகின்றன. ஆபீஸ் நெருங்க நெருங்கத் தெரு துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. நாய்கூட இல்லை. ஊரே எங்கிருந்து ஓடி ஒளிகிறதோ, அந்த இடம்!

ஆபீசுக்கு மேலே குன்று. குன்றின் மேல் கூரை இல்லாத பழைய மாதா கோயில். அந்த இரண்டு கிழவிகளுக்கு நான் காட்டிய அதே இடம். மலாக்காவுக்கு வந்தவன் எவனும் பார்க்காமல் போகாத இடத்துக்கு ஒன்றரை வருஷமாக ஒருத்தனும் ஏறவில்லை, புல் முழங்கால் உயரம்.

அடிவாரத்துக் காவல்காரன் குனிந்தான். மோரிதா தலையை ஆட்டினார். அதுதான் கடைசி.

மேலே, சுவரோரமாக டச்சுக்காரர்களின் கல்லறைக் கற்கள் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றன. மோரிதா அவற்றின் முன் நின்று பழக்கத்தில் காத்திருந்தார். ஒரு கல்லும் குனியவில்லை. பூட்ஸைக் கழற்றினார். புல்லில் மல்லாந்தார். மலாக்கா கோட்டை மறுபடி இடிந்து விழுவது போல் ஒரு குறட்டை. நான் சுவருக்குப் பின்னால் கட்டெறும்புக்குக் காலைக் கொடுத்துக்கொண்டு, வாயைப் பொத்தி உட்கார்ந்திருந்தேன்.

விழித்து உட்கார்ந்தார். பையிலிருந்து பட்டியலை எடுத்தார். பென்சிலை நாக்கில் தொட்டு ஒரு கோடு இழுத்தார்.

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஓடிப் போய், நெற்றி முழங்காலில் இடிக்கும்படி குனிந்தேன்.

அவர் முகம் சுருங்கியது. காலுறையோடு எழுந்து, பாவம், அவரும் குனிந்தார். பிறகு என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பென்சில் இன்னும் கையிலேயே இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு மூன்று முறை உயிர் போய் வந்தது. கடைசியில் தாளை மடித்தார்.

"அடுத்த ஞாயிறும் வா" என்றார்.

நாற்பதும் நாற்பத்திரண்டும் செவ்வாய்க்கிழமை லாரியில் போனார்கள். அதை எனக்குப் பெரிதாக்கிச் சொல்ல வரவில்லை.

ஞாயிறுதோறும் போனேன். ஆனால் நான் மறுபடி குனிய மாட்டேன் என்று அவர் நம்பவில்லை. கல்லறைக் கற்களின் வரிசையில், ஏழாவது கல்லுக்கும் எட்டாவது கல்லுக்கும் நடுவில், என்னை விறைப்பாக நிற்க வைத்துவிட்டுத்தான் தூங்குவார். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையக் கூடாது.