எறும்புக் கிழங்கின் அறைகள்

இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. எறும்பு குடியிருந்த ஒரு செடியின் கதை சொல்கிறேன். முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது.

ஒரு தையல்காரி தன் பால்கனியில், மரப்பலகையில் கட்டி எறும்புக் கிழங்கு வளர்த்தாள். மேலே நாலு கிளை. கீழே பூசணிக்காய் மாதிரி உப்பிய தண்டு. அதற்குள் வளைந்து வளைந்து அறைகள், அறை நிறைய எறும்பு. அதை வேகவைத்துக் குடித்தால் கட்டி கரையும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

அவளுடைய அண்ணன் கடிகாரம் பழுதுபார்ப்பவர். அவர் கழுத்தில் ஒரு கட்டி. எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து, எடுத்தால் குரல் போகலாம் என்றார் டாக்டர்.

"கத்திக்குக் கழுத்த நீட்டமாட்டேன். உன் கிழங்கு போதும்மா" என்று மனைவியோடு தங்கை வீட்டுக்கே வந்துவிட்டார். ஏழு வருஷம் வளர்த்த செடி. அண்ணனுக்கு இல்லாததா என்றாள் அவள்.

வந்த எட்டாம் நாள் காலை, கஷாயத்துக்கு அடுப்பில் தண்ணீர் கொதித்தது. தங்கை கிழங்கைப் பிளந்தாள். ஓர் எறும்புகூட ஓடி வரவில்லை.

"என்னம்மா, உன் குடித்தனக்காரங்க காலி பண்ணிட்டாங்களா?" என்று சிரித்தார் அண்ணன்.

அறைக்கு அறை எறும்புகள் செத்துச் சுருண்டு கிடந்தன. அவர் கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தார். ஒவ்வொரு காலிலும் வெள்ளைப் பொடி.

"நான்தாங்க" என்றாள் மனைவி. "எறும்பு உங்க படுக்கையில ஏறுச்சு. கொஞ்சம் கண்ணசரட்டுமேன்னு பலகை மேல எறும்பு மருந்து தூவினேன். எறும்புதானே செத்துச்சு, கிழங்கு அப்படியேதானே இருக்குன்னு நெனச்சேன்."

"மருந்துக்கே மருந்து போட்டியா!" என்றார் அண்ணன்.

தங்கை அடுப்பை அணைத்தாள். "இதக் குடிச்சிருந்தா, அண்ணே..."

அவர் லென்ஸைக் கழற்றினார். பிறகு மனைவியிடம் சொன்னார்: "லென்ஸ் இல்லாம இந்த விஷம் எனக்குத் தெரிஞ்சிருக்காது. டாக்டர் கத்தியாவது கண்ணு முன்னால இருக்கு. அழாதடி. ரிப்போர்ட் கவரை எடு, கிளம்பலாம்."

ஆபரேஷனில் கட்டி போயிற்று. குரல் வெறும் காற்றாகத்தான் திரும்பியது. இப்போது மனைவியைக் கூப்பிட, கடிகாரச் சாவியால் டம்ளரைத் தட்டுகிறார். "மணி அடிச்சிடுச்சு" என்று அவள் ஓடி வருகிறாள்.

பிளந்த கிழங்கு பிழைக்கவில்லை. கிளையில் பழுத்திருந்த இரண்டு பழங்களின் விதையைத் தங்கை புதுப் பலகையில் ஒட்டியிருக்கிறாள். கஷாயத்துக்கு அல்ல. எறும்பு திரும்பி வருகிறதா என்று பார்க்கத்தான்.

உங்கள் வீட்டில் ஒருவர் கூப்பிட்டால் இன்னொருவர் ஓடி வரட்டும். எந்த அறையும் வெறுமையாகாமல் நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா.