குமுளியில் வாங்கிய முதற்பலன்

எங்கள் ஆனைக்கரை சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு வழக்கம் உண்டு. அவரவர் தோட்டத்தில் முதலில் பறித்த பச்சை ஏலக்காயைக் கொண்டுவந்து, பீடத்துக்கு முன்னால் விரித்த ஒரே பாயில் எல்லாரும் கொட்ட வேண்டும். இப்போதும் அந்தப் பாயைப் பார்த்தால் எனக்கு வறட்சி வருஷம்தான் நினைவுக்கு வரும். சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும்.

அந்தக் கோடையில் மழை ஏமாற்றிவிட்டது. எங்கள் குத்தகைத் தோட்டத்தில் செடியெல்லாம் கருகிப்போனது. சபையில் பாட்டு எடுத்துக் கொடுக்கிற என் வீட்டுக்காரர் வினோ, பாடுவதையே நிறுத்திவிட்டார். கல்யாணமான புதிதில், காய் பறிக்கப் போகும் ஜீப்பில் அவர் கீர்த்தனை எடுத்தால் டிரைவரும் சேர்ந்து பாடுவார். அப்படிப்பட்ட மனுஷன், பண்டிகை முடிந்த மறுநாளே திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்புவதென்று பையைக் கட்டிவைத்துவிட்டார். அவரில்லாமல் இந்த மலையில் எப்படி இருப்பேனென்று எனக்குத் தெரியவில்லை.

"மத்தவங்க தோட்டமெல்லாம் தப்பிச்சிருச்சு. எனக்குத்தான் வெள்ளாமை பாக்கத் தெரியல" என்பார்.

அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை. யாரைக் கேட்டாலும் "கர்த்தர் கிருபையில பரவாயில்ல" என்றுதான் சொன்னார்கள். நாங்கள் மட்டும் என்ன, அதையேதான் சொன்னோம். விசுவாசி குறை சொல்லலாமா?

பண்டிகைக்கு முந்தின நாள் வினோ குமுளிக் கடைத்தெருவிலிருந்து ஒரு பையோடு வந்தார். பிரித்துப் பார்த்தால் சூடுபோட்டு உலர்த்திய கடைக் காய். எனக்கு வந்ததே கோபம்!

"கர்த்தருக்கே கடையில வாங்கிக் குடுக்கீங்களா?"

"வெறுங்கையோட எப்படி ஜெஸ்னா போய் நிக்கிறது?"

அந்தக் குரலைக் கேட்டதும் நானே பையை மடித்துக் கட்டிவைத்தேன்.

மறுநாள் ஆராதனையில் முதல் ஆளாக நிமி மதினி போனார்கள். ஓடைக்கரையில் தோட்டம் வைத்திருப்பவர்கள். அவர்கள் கொட்டியதும் பாயில் சலசலவென்று சத்தம் கேட்டது. பச்சைக் காய் அப்படிச் சத்தம் போடாது. அடுத்தவர் கொட்டினார், அதுவும் சலசல. அதற்கடுத்தவரும் அப்படியே. பாய் நிறைய உலர்ந்த காய். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் தரையில்தான்.

வினோவின் முறை வந்தது. அவர் கொட்டவில்லை. பையோடு சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"இது என் தோட்டத்துக் காய் இல்ல. குமுளியில வாங்குனது. என் செடி பூரா கருகிப்போச்சு."

நிமி மதினி எழுந்தார்கள். "எங்களுதும் குமுளிதான் தம்பி."

"எங்களுதும்" என்றது ஒரு குரல். அப்புறம் இன்னொன்று. ஆராதனை நடத்திய ஐயர் பாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் ஒரே கடைதான் போலிருக்கு" என்றார். கோயில் கொல்லென்று சிரித்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே பாதிப்பேர் அழுதார்கள். நானும் அழுதேன்.

"காய் இல்லாட்டியும் ஓடைப்பக்கம் கொஞ்சம் ஏலத்தூரு உசுரோட நிக்கி" என்றார்கள் நிமி மதினி. "வந்து வேரோட ஏலத்தட்டைகளப் பேத்துட்டுப் போ. நட்டா பிடிச்சிக்கிடும். இம்புட்டு நாளும் வாயத் தொறந்து கேட்டா என்னவாம்?"

வினோ தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு ஸ்தோத்திரப் பாட்டை எடுத்தார். பல மாதம் பாடாத குரல் முதல் வரியில் பிசிறியது. இரண்டாவது வரியை நாங்கள் எல்லாரும் சேர்ந்து தூக்கிக்கொண்டோம். கருகின தோட்டத்தை வைத்துக்கொண்டு அன்றைக்குச் சொன்ன நன்றியைப்போல, நல்ல விளைச்சலில்கூட நான் சொன்னதில்லை.

குமுளிக் காயை அள்ளிப் போட்டுச் சபைக்கே டீ வைத்தோம். அந்த வாசம் இன்னும் மூக்கிலேயே இருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் வினோ திருப்பூர்ப் பையை அவிழ்த்தார். துணிகளைக் கட்டிலில் கொட்டிவிட்டு, ஏலத்தட்டைகளை எடுத்துவர அதே பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடைப்பக்கம் நடந்தார்.