நடுச்சுவர்க் கதவு

மசூது ராவுத்தர் செருப்புகூட இல்லாமல் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அது ஐம்பத்தொன்பதாம் வருஷம், ஆனி மாதம். குற்றாலத்துச் சாரல் தென்காசி வரைக்கும் தூறிக்கொண்டிருந்தது.

"சுடலைக்கண்ணு, சுத்தியலும் உளியும் எடுத்துட்டு வா. அந்தச் சொவர இடிக்கணும்."

எந்தச் சுவர் என்று நான் கேட்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன் அதைக் கட்டிய கொத்தனே நான்தான்.

அவர்கள் தெருவில் தேக்குத் தூண் வைத்த பெரிய வீடுகள் பதினொன்று. அவர்களுக்குப் பெருமை தூண்களில். எனக்கு ஆச்சரியம் நடுச்சுவர்களில். ஒவ்வொரு சுவரிலும் குனிந்து போகிற உயரத்தில் ஒரு கதவு. முதல் வீட்டுப் பெண் தெருவில் கால் வைக்காமலே பதினோராம் வீட்டுக்குப் போய்க் குழம்பு வாங்கி வரலாம். மசூதுவும் தம்பி ஆதமும் அடுத்தடுத்த வீடு. அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். கிணற்றுத் தகராறில் முறைத்துக்கொண்டதும் மசூது கதவைப் பெயர்த்து அடைக்கச் சொன்னார். நானும் கெட்டிக்காரத்தனம் காட்ட, அந்தத் தெருவிலேயே முதன்முதலாகச் சிமெண்டு போட்டு அடைத்தேன். பாவி நான்.

போன மாதம் ஆதம் திடீரென்று இறந்துபோனார். அவர் மனைவி ஹைருன் பீவி இத்தா இருந்தாள்; நாலு மாதம் பத்து நாள் வாசற்படி தாண்டக்கூடாது. நடுக்கதவு வழியாகப் போனால் அது படி தாண்டியதாகாது என்பது தெரு வழக்கம். இந்தப் பக்கம் அக்காள் ராபியா விஷக்காய்ச்சலில் கிடந்தாள். தங்கச்சியைப் பார்க்கணும் என்று தினமும் கேட்டிருக்கிறாள். மசூது வீம்பில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று காலை டாக்டர் கையை விரித்த பிறகுதான் ஓடி வந்திருக்கிறார்.

கட்டிலைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, சேலை கட்டி மறைத்திருந்தார்கள். அடித்தேன். பொறி பறந்ததே தவிர விரிசல் விடவில்லை.

"ஓங்கி அடிலே!" என்று மசூது கத்தினார். அழுதுகொண்டே அடித்தேன்.

மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது ஒரு செங்கல் அந்தப் பக்கம் விழுந்தது. ஓட்டை வழியே வளையல் இல்லாத கை ஒன்று நீண்டது.

"மச்சான், அக்கா கையக் குடுங்க."

மசூது மறைப்புக்குள் குனிந்து, மனைவியின் கையைத் தூக்கி அதில் வைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஏன் மச்சான் இப்படிச் சில்லுன்னு கெடக்கு? தூங்குதாளா?"

மறைப்புக்குள் ராபியாவுக்குத் துணையிருந்த ஒரு பெண் வாய்விட்டு அழுதாள். ஓட்டையைப் பெரிதாக்கினால் ஹைருன் இந்தப் பக்கம் வந்துவிடலாம். ஆனால் அந்த விரல்கள் பிடியை விடவில்லை. உளியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.