வாய்தாவுக்கு வந்த வீடு

அக்காவின் வீடு எழுந்து நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்கு. அடுப்பில் பால் இருந்தது; ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

அதற்கு முன்பு ஒரு வருடமாக ஊர் மூன்றுபட்டுக் கிடந்தது. தஞ்சம் கேட்டு வந்தவர்கள் வழக்கு முடியும்வரை எங்கே காத்திருப்பது என்பதுதான் தகராறு. எல்லைக்கு அந்தப் பக்கமே நிற்கட்டும் என்றது ஒரு கட்சி. வேலி போட்டு அடைத்து வைக்கலாம் என்றது இன்னொன்று. உறவுக்காரர் வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார்கள் மீதிப்பேர். இந்த இழுபறியில், தையல் வேலை செய்யும் அக்காவின் தம்பிக்கு எப்படியோ ஓர் உத்தரவு கிடைத்தது: அக்கா வீட்டில் காத்திருக்கலாம், வாசற்படி தாண்டினால் மனு தள்ளுபடி. நான்கு மாதம் கழித்து வேறோர் அலுவலகத்திலிருந்து இன்னொன்று வந்தது: செவ்வாய் பத்து மணிக்கு நீதிபதி முன் நேரில் வராவிட்டால் மனு தள்ளுபடி. அக்கா இரண்டு தாளையும் தூக்கிக்கொண்டு எட்டு நாள் நாயாய் அலைந்தாள். "அதை அவங்ககிட்ட கேளுங்கம்மா" என்றார்கள் இங்கே. அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். தள்ளுபடியானால் தம்பியைச் சொந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே மூத்த தம்பியின் உடலைச் சட்டையை வைத்துத்தான் அடையாளம் காட்டினாள். அவளே தைத்த சட்டை.

அன்று காலை தம்பி குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு படியை ஒட்டி நின்றான். "என்னக்கா பண்றது?" "தெரியலடா. பாலைக் குடிச்சிட்டு நில்லு." பால் காய்வதற்குள் தரை லேசாக உயர்ந்தது. வீடு அவசரப்படவில்லை. தண்ணீர்க் குழாயைத் தானே கழற்றிக்கொண்டு, பக்கத்துச் சுவரில் உரசாமல் தெருவில் இறங்கியது. சிக்னலில் நின்றது. போக்குவரத்துக் காவலர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு மற்ற வண்டிகளை நிறுத்தினார். மாடியிலிருந்த வீட்டுக்காரர் பாதிச் சவரத்தோடு எட்டிப் பார்த்து, "எங்கம்மா போறோம்?" என்றார். "கோர்ட்டுக்குங்க." "சரி, மெதுவா போகச் சொல்லும்மா." மூன்று கட்சிக்காரர்களும் பின்னால் நடந்தார்கள். பதினொரு வருடம் பெருக்கித் துடைத்த வீட்டுக்கு இவ்வளவு மனசு இருக்கும் என்று அக்கா நினைத்ததே இல்லை. வழியெல்லாம் சுவரில் கையை வைத்துக்கொண்டே வந்தாள்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வீடு நீதிமன்ற வாசலில் உட்கார்ந்தது. நீதிபதி இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தார். "வெளிய வாங்க" என்றார். "வரக்கூடாதுங்கய்யா, உத்தரவு" என்றான் தம்பி. அவர் இரண்டு தாளையும் படித்தார். உள்ளே போய்த் தையல் மெஷின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வழக்கைக் கேட்டார். எழுதினார்: மனுதாரர் வீட்டிலேயே காத்திருக்கலாம். வீடு வந்துபோவதில் ஆட்சேபணை இல்லை.

ஐந்து வருடத்தில் ஒன்பது வாய்தா. ஒரு தடவையும் வீடு தாமதிக்கவில்லை. மற்ற உறவுக்காரர்களின் வீடுகளும் கிளம்பத் தொடங்கின. செவ்வாய்க்கிழமைகளில் கடைக்காரர்கள் பெயர்ப்பலகைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். எங்கே காத்திருப்பது என்ற பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. பத்தாவது தடவை, அவன் இங்கேயே இருக்கலாம் என்று தீர்ப்பானது. தம்பி படியிறங்கித் தரையில் கால் வைத்தான். அக்கா அழுதாள். வீடு எழுந்து, அவன் ஏறுவதற்காக நின்றது. அவனோ தெருவைப் பார்த்தபடியே நின்றான்.

"நீ முன்னால போ" என்றாள் அக்கா வீட்டிடம். "நாங்க நடந்து வர்றோம்."