பச்சையைப் பொறுக்கியவள்

நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்றார் என் வீட்டுக்காரர் விஜயபாண்டி. கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் என் கொழுந்தன் ஜெகதீஷ், கையில் புது மாத்திரைப் பெட்டியோடு சிரித்துக்கொண்டு நின்றான். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இருபது வருசம் பூச்சிமருந்து அடித்த மனுசன் இவர். மூளை நரம்பு கொஞ்சங்கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறது, குணமாகாது, ஆனால் வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தால் நடமாடலாம் என்றார் தேனி டாக்டர். நடமாடத்தான் செய்தார். தன் காலால் முக்குக்கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தார். அப்போதுதான் இவன் விட்டமின் வியாபாரத்தோடு வந்து சேர்ந்தான்.

"மதினி, இது விட்டமின். மூளை துருப்பிடிக்காமக் காக்கும். அந்த டாக்டர் மாத்திரைய நிறுத்திப் போடுங்க."

பதினெட்டு வருசமாகப் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிறவள் நான். பச்சையும் பருமனும் முதல் தரம்; வெளுத்தது கழிவு. கண் அப்படியே பழகிவிட்டது. டாக்டர் மாத்திரை சுண்ணாம்புத் துண்டு மாதிரி வெளிறிக் கிடந்தது. இவன் கொடுத்ததோ பச்சைப்பசேலென்று மினுங்கியது. பச்சையைப் பொறுக்கினேன், வெளுத்ததைத் தள்ளினேன். என்னை எந்தச் செருப்பால் அடிப்பது?

பன்னிரண்டே நாள். சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் அழுதார். நேற்று டாக்டரிடம் ஓடினேன். "விட்டமின் இந்த நோயத் தடுக்கும்னு நிரூபணமே இல்லம்மா! மாத்திரைய யாரக் கேட்டு நிறுத்துனீங்க?" என்று கத்தினார். அந்த மாத்திரையை மறுபடி தொடங்கியிருக்கிறோம். பழையபடி நடப்பாரா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார். கால் ஒட்டிக்கொண்டால் முன்னால் ஒரு கோடு போட்டுத் தாண்டச் சொல்லுங்கள் என்றார்.

"மூணு மாசமாச்சும் சாப்பிடணும் மதினி. அப்பத்தேன் கேக்கும்" என்றான் ஜெகதீஷ்.

பெட்டியைப் பிடுங்கி நிலைப்படியிலேயே கவிழ்த்தேன். "உங்கண்ணன் கையப் பாருடா! ஒரு வா சோறு திங்க முடியல. ஒன் யாவாரத்துக்கு இந்த வீடுதேன் கெடச்சுச்சா?"

"நானா ஊட்டிவிட்டேன்? நீங்கதேன குடுத்தீங்க."

அதைத்தானே நானும் நேற்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"கலா, கையக் குடு" என்றார் அவர், பாதிக் குரலில்.

கொடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நிலைப்படி ஓரம் கோடு மாதிரி உருண்டு கிடந்த பச்சை மாத்திரைகளையே பார்த்தார். வலது கால் நடுங்கியது. பிறகு மெல்லத் தரையை விட்டு எழும்பி, அவற்றுக்கு மேலே அந்தரத்தில் நின்றது.