பேசக் கூடாத ஒரு மணி நேரம்

இருபத்திரண்டு வருசம் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில போர்வெல் போட்டு, சவரியாரு குடிச்ச கல்தூசியெல்லாம் நெஞ்சுக்குள்ள கட்டி கட்டியா நின்னுபோச்சு. இடது பக்கத்துல ஒண்ணு மட்டும் பெருசு. அது தூசியா, புத்துநோயா? அதைத் தெரிஞ்சுக்கத்தான் சேலத்து ஆஸ்பத்திரியில பெட் ஸ்கேன்.

டெக்னீசியன் இளஞ்செழியன் கதிரியக்கம் கலந்த சர்க்கரையை ஊசியில ஏத்திட்டு விளக்கை அணைச்சான். "ஒரு மணி நேரம் அசையாதீங்க, பேசாதீங்க. எந்தத் தசை வேலை செய்யுதோ சர்க்கரை அங்க போயிரும். படத்துல அதுவும் மின்னும்."

கதவு சாத்துனதும் அறைக்குள்ள, ரிக்குல பறக்குமே, அந்தக் கல்லுமாவு வாசம் வந்துச்சு. ஆஸ்பத்திரியில ஏது கல்லுமாவு?

"சவரி, இருக்கியா?"

ஜெகதீஸ்வரன் குரல். ரிக்குல கூட நின்னவன், செத்து மூணு வருசம் ஆச்சு. பேசக் கூடாதுன்னு சவரியாருக்கு நல்லாவே தெரியும். ஆனா ரிக்குல தூசி கெளம்புனா பக்கத்துல நிக்கிற ஆளே தெரியாது. ஒருத்தன் கூப்பிட்டா மத்தவன் பதில் சொல்லியே ஆகணும், இல்லைன்னா ஆளு மாட்டிக்கிட்டான்னு மிசினை நிறுத்திருவாங்க. பாழாப்போன பழக்கம், வாய் தானா தொறந்துச்சு.

"இருக்கேன்."

விட்டானா அவன்? அந்த ஒரு மணி நேரம் முச்சூடும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான், ஒவ்வொரு தடவையும் இன்னும் கிட்டக்க வந்து. சவரியாரும் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னாரு. கடைசியில காதோரம் மூச்சுக்காத்துப் பட்டுச்சு.

ஸ்கேன் முடிஞ்சதும் டாக்டர் கோகிலவாணி படத்தையே உத்துப் பாத்தாங்க. "யாருகிட்டப் பேசுனீங்க? தொண்டை மின்னுது."

இளஞ்செழியனுக்கு மூஞ்சி வெளுத்துப்போச்சு. "கேமராவுல பாத்தனுங்க மேடம். இவரு தனியாத்தான் இருந்தாரு."

டாக்டர் அவனைக் கண்டுக்கல. "பேசுனா குரல்நாண் ரெண்டு பக்கமும் மின்னணும். உங்களுக்கு வலது மட்டுந்தான் மின்னுது. இடதுக்குப் போற நரம்பை அந்தப் பெரிய கட்டி புடிச்சிருச்சுபோல. தூசிக் கட்டியும் மின்னும், புத்துநோயும் மின்னும், அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நீங்க பேசாம இருந்திருந்தா இது தெரிஞ்சிருக்காது, உங்க ரிக் வேலையை வெச்சுத் தூசின்னு எழுதி அனுப்பியிருப்பேன். இப்ப எனக்குச் சந்தேகமா இருக்கு. ஊசி குத்திச் சதை எடுத்துப் பாத்துரணும்."

சவரியாருக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு.

"ஜெகதீசுக்கு அப்படித்தாங்க எழுதுனாங்க, தூசின்னு. அதை நம்பிட்டு ஊட்டுக்குப் போனான். ஆறு மாசந்தான் இருந்தான்."

கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, "ஊசி எப்பங்க?"ன்னு கேட்டாரு.